புளி போட்டுத் தேய்த்த சகன்

பாயில் இரண்டு தட்டுகள் இருந்தன.

ஒன்று சாச்சாவுக்கு, சுவரோரமாக, சாதாரண வெள்ளை எனாமல் தட்டு. மற்றது எனக்கு. ஓரத்தில் ரோஜாப்பூ போட்ட பீங்கான் தட்டு, பக்கத்தில் பளபளவென்று ஒரு கரண்டி, கரண்டிக்கு அடியில் மடித்த கைத்துணி. இரண்டு தட்டுக்கும் நடுவே ஓர் ஆள் படுத்துப் புரளலாம், அவ்வளவு இடைவெளி.

கோலாலம்பூரில் ராத்திரி ரயிலேறி, விடிகாலையில் பிறை ஸ்டேஷனில் இறங்கி, படகில் கடலைத் தாண்டி பினாங்குக்கு வந்து சேர்ந்திருந்தேன். ஊரையே தின்றுவிடும் பசி. அந்தக் கரண்டியைப் பார்த்ததும் பாதிப் பசி போய்விட்டது. சாச்சா என் வாப்பாவின் கூடப்பிறந்த தம்பி. அவர் வீட்டில் என்னை விருந்தாளியாக உட்கார வைத்திருக்கிறார்கள். சொந்தக்காரனாக இல்லை.

கரண்டி வைத்ததற்கா இவ்வளவு கோபம் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

சகன் தெரியாதவர்களுக்கு

எங்கள் ஊர் கீழக்கரை. அங்கே முஸ்லிம் வீடுகளில் தனித்தட்டில் சோறு தின்பவர்கள் இரண்டே வகை. நோயாளி, அல்லது கோபித்துக்கொண்டவன். மற்றவர்கள் எல்லாரும் சகனில்தான் சாப்பிடுவோம். சகன் என்றால் செம்பில் அடித்து உள்பக்கம் ஈயம் பூசிய அகலமான தட்டு. அதில் சோற்றைக் குவித்து, கறியை நடுவில் வைத்து, இரண்டு மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கை வைப்போம். ஆண்கள் முதலில், பெண்கள் பிறகு.

அதற்கென்று ஒழுங்கு உண்டு. உன் பக்கத்துச் சோற்றைத்தான் நீ எடுக்க வேண்டும். எதிரே இருப்பவன் பக்கம் கை நீளக் கூடாது. நடுவில் நல்ல கறித்துண்டு கண்ணில் பட்டால் அதை எடுத்து வாயில் போட்டுக்கொள்பவன் தீனிப்பண்டாரம். எதிரே இருப்பவன் பக்கம் நைசாகத் தள்ளிவிடுபவன்தான் வளர்ந்த வீட்டுப் பிள்ளை. அவன் திருப்பித் தள்ளுவான். பிரியமுள்ள இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டால் நல்லி எலும்பு அங்கும் இங்கும் போய்வந்து ஆறிப்போகும்.

கல்யாண வீட்டில் யார் யாரோடு உட்கார்ந்தார்கள் என்று பார்த்தால் போதும், ஊரில் யாருக்கு யாரோடு மனத்தாங்கல் என்று தெரிந்துவிடும். எங்கள் ஊர்க்காரர்கள் பந்திக்குப் போவதில் பாதி அதற்காகத்தான் என்று நான் சொன்னால் அடிக்க வருவார்கள். "அவன்கூட ஒரு சகன்ல உட்கார மாட்டேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் பிறகு பேச ஒன்றுமில்லை. அந்த உறவு அறுந்தது என்று அர்த்தம்.

என் வாப்பா தன் ஒரே தம்பியைப் பற்றி அதைத்தான் சொல்லியிருந்தார். அதுவும் ஜும்ஆ தொழுகை முடிந்து ஊரே நின்றுகொண்டிருந்தபோது, பள்ளிவாசல் முன்னால்.

உடும்புப் பிடி

சாச்சா இளவயதிலேயே பினாங்குக்குப் போய் ரொட்டிக்கடை வைத்தவர். நாலு காசு சேர்ந்ததும் வாப்பா ஊரில் அவருக்குப் பெண் பேசி, சொல்லும் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளையை அழைத்துவர நாகப்பட்டினம் துறைமுகத்துக்கும் போனார். கப்பல் வந்தது. மாப்பிள்ளை வரவில்லை. அவர் பினாங்கிலேயே மாப்பிள்ளை ஆகிவிட்டார் என்ற செய்திதான் இறங்கியது.

சாச்சா கட்டிக்கொண்டவரின் பெயர் ஹலீமா. அவருடைய வாப்பா நம் பக்கத்து வியாபாரி, உம்மா மலாய்க்காரி. பினாங்கில் அப்படிப் பிறந்தவர்களை ஜாவிப் பெக்கான் என்பார்கள். வீட்டில் மலாய்தான் பேச்சு. தமிழும் வரும், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு 'லா' போட்டு.

நிச்சயித்த பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கவலைப்பட வேண்டாம். அவருக்கு அடுத்த வருஷமே நல்ல இடம் அமைந்து, பிள்ளைகுட்டிகளோடு எங்கள் தெருவிலேயே சிரித்துக்கொண்டு இருந்தார். அவர் மறந்துவிட்டார். வாப்பாதான் மறக்கவில்லை. வாப்பா நல்ல மனிதர், ஆனால் பிடித்தால் உடும்புப் பிடி. எங்கள் வீட்டில் ஒரே அச்சில் அடித்த இரண்டு சகன்கள் இருந்தன. சாச்சா கப்பலேறும்போது ஒன்றைக் கொண்டுபோயிருந்தார். மற்றதில் வாப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார், தம்பி பேரை எடுக்காமல்.

சர்வே படிப்புக்காக நான் மலாயாவுக்குக் கப்பலேறியபோது வாப்பா வந்து வழியனுப்பினார். கப்பல் முதலில் பினாங்கைத்தான் தொடும். "துறைமுகத்துக்கு அவன் வருவான். சலாம் சொல்லு" என்றார். அவ்வளவுதான். அவன் வீட்டுக்குப் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

சாச்சா வந்தார். செய்தித்தாளில் சுற்றிய சுடுரொட்டி இரண்டை என் கையில் திணித்தார். "லீவு கெடைச்சா வா மவனே. ரெண்டு நாள் தின்னுட்டுத் தூங்கு. வேற வேலை ஒண்ணும் தர மாட்டேன்" என்றார். கோலாலம்பூர் விடுதியின் பருப்புத் தண்ணீரை ஒரு வருஷம் குடித்த பிறகு எனக்கு அந்த வார்த்தைதான் ஞாபகம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பாடம் முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தின்னுட்டுத் தூங்கு

ஆக, கரண்டி. அதை ஒதுக்கி வைத்துவிட்டுக் கையால் சாப்பிட்டேன்.

"கரண்டி வேணாமா தம்பி?" என்றார் ஹலீமா சாச்சி, கதவோரமாக நின்று. "காலேஜ்ல படிக்கிற பிள்ளைன்னு வெச்சேன் லா."

"பழக்கமில்லை சாச்சி."

நெய்ச்சோறு, ஆணம் என்று நாங்கள் சொல்லும் மீன் குழம்பு, பக்கத்தில் மலாய்க்காரர்கள் மிளகாயை அரைத்து வைக்கும் சம்பால். ருசியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சாச்சாதான் சாச்சாவாக இல்லை. துறைமுகத்தில் வாய் ஓயாமல் பேசிய மனிதர் தன் தட்டைப் பார்த்துக்கொண்டே தின்றார். அவ்வப்போது "மீன் போதுமா?" என்று தூரத்திலிருந்து கேட்டார். அத்தனை இடைவெளிக்கு அப்பாலிருந்து கேட்கத்தான் முடியும், தள்ளிவிட முடியாது.

மற்றபடி நான் வந்த காரியம் நன்றாகவே நடந்தது. சாப்பிட்டதும் தூங்கினேன். வீடு சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது, ரொட்டி அடுப்பு வீட்டை ஒட்டினாற்போல. வெந்த ரொட்டியின் வாசனை தலையணை வரைக்கும் வரும். அப்படி ஒரு பகல் தூக்கம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எழுப்பியது ஒரு கோப்பைத் தேநீரும், காயா தடவிய தடித்த ரொட்டியும். முட்டையும் தேங்காய்ப்பாலும் சீனியும் போட்டுக் கிண்டிய அந்தக் காயாவுக்காகவே பினாங்குக்குக் குடிபோகலாம் என்று அப்போது நினைத்தேன். இப்போது டாக்டர் அதன் பேரைச் சொன்னாலே முறைக்கிறார்.

சாயங்காலம் சாச்சா டிராமில் ஏற்றிக் கூட்டிப்போனார். தண்ணீர்மலை அடிவாரத் தோட்டத்தில் குரங்குகளுக்குப் பழைய ரொட்டியைப் போட்டோம். திரும்பிக் கடற்கரைத் திடலில் உட்கார்ந்தோம். வெள்ளைக்காரர்கள் பந்து விளையாடிவிட்டுப் போன புல், எதிரே கப்பல்கள், நல்ல காற்று.

சாச்சா கடலைப் பார்த்துக்கொண்டே தன் அண்ணனைப் பற்றிக் கேட்டார். "காக்கா இன்னும் சோத்துல கை வைக்கிறதுக்கு முந்தி ஒரு பச்சை மிளகாயைக் கடிக்கிறாகளா?"

"கடிக்கிறாக."

"இந்த வயசுல அது வயித்துக்கு ஆவாது. வேணாம்னு சொல்லு."

"சரி சாச்சா."

கொஞ்ச நேரம் கழித்து, "நான் சொன்னேன்னு சொல்லாதே" என்றார்.

இவ்வளவு பாசம் வைத்துக்கொண்டு எனக்கு எதற்குத் தனித்தட்டு என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. உடும்பு வீட்டுப் பிள்ளை நான் மட்டும் எப்படி இருப்பேன்? அவர்களாகச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் அதே இரண்டு தட்டு. கரண்டியை மட்டும் காணோம்.

அடுப்படி ஆணி

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாச்சா கடைகளுக்கு ரொட்டி போடப் போயிருந்தார். நான் தாமதமாக எழுந்து முகம் கழுவத் தண்ணீர் கேட்டு அடுப்படிக்குப் போனேன். சாச்சி அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஆட்டுக்கறி.

சுவரில் ஓர் ஆணியில் சகன் தொங்கிக்கொண்டிருந்தது. வெளிப்பக்கம் புதுச்செம்பாக மின்னியது. விளிம்பில் ஒரு சின்ன நசுக்கல். எங்கள் வீட்டுச் சகனிலும் அதே மாதிரி ஒரு நசுக்கல் உண்டு. இரண்டும் ஒரே மாட்டுவண்டியிலிருந்து விழுந்தவை என்று உம்மா சொல்லியிருக்கிறார்.

"சாச்சி, இது எங்க வீட்டுச் சகன்தானே?"

"ஆமா லா. உங்க சாச்சா கப்பல்ல கொண்டாந்தது."

"இதுல என்ன செய்வீங்க?"

"ஒண்ணும் செய்யறதில்ல தம்பி. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை புளி போட்டுத் தேய்ப்பேன். திரும்ப மாட்டி வெச்சிருவேன்."

"சாப்பிடாத தட்டை எதுக்கு இப்படித் தேய்க்கிறீங்க?"

அவர் குழவியை நிறுத்தினார். "கறுத்துக் கிடந்தா, உங்க வாப்பா ஒரு நாள் வந்து பார்த்தா என்ன நெனைப்பாங்க? இவ வந்தா, எல்லாம் கறுத்துப் போச்சுன்னு நெனைக்க மாட்டாங்களா?"

வராத ஒருவருக்காக அந்தப் பெண் வாராவாரம் செம்பைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். அந்த ஒருவர் இருக்கும் வீட்டில் இவர் பெயரைக்கூட யாரும் சொல்வதில்லை.

சகனைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளேயும் அதே தேய்ப்புத்தான். நடுவில் ஈயம் தேய்ந்து செம்பு தெரிந்தது.

"அப்ப நேத்து எனக்கு இதுலயே வெச்சிருக்கலாமே சாச்சி?"

"எப்படி வெக்கிறது? உங்க வாப்பா பள்ளிவாசல்ல சொன்ன சொல்லு எங்களுக்குத் தெரியாதா? அவங்க புள்ளைய அவங்க சொல்லுக்கு எதிரா உக்கார வெச்சா, நான் ரெண்டாந்தரம் அந்தக் குடும்பத்தைக் கெடுத்தவ ஆயிருவேன். உங்க சாச்சா கெஞ்சினாரு, ஒரு தரம் எடு, என் காக்கா புள்ளைன்னு. நான்தான் வேணாம்னுட்டேன்." அம்மியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ முகம் சுருங்குனது எனக்குத் தெரிஞ்சுது. இருந்தாலும் வேணாம்னுட்டேன் லா."

என்னைத் தள்ளி வைக்கிறார்கள் என்று நான் முறுக்கிக்கொண்டு தின்றிருக்கிறேன். அவர்கள் என் வாப்பாவின் சொல்லுக்குக் காவல் இருந்திருக்கிறார்கள். தனித்தட்டு என்றால் எங்கள் ஊர்க்காரனுக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும்.

"வாப்பாவோட சொல்லு வாப்பாவோட கைக்குத்தான் சாச்சி. என் கைக்கு யாரும் சொல்லு குடுக்கலையே."

"அவங்களுக்குத் தெரிஞ்சா?"

"தெரியத்தான் போவுது. ஊருக்குப் போனதும் நானே சொல்லிருவேன்."

"கோவிச்சுக்கிட்டா?"

"கோவிச்சுக்கட்டும்."

வீரமாகத்தான் சொன்னேன். ஆனால் தம்பியையே வருஷக்கணக்கில் ஒதுக்கி வைத்த மனிதருக்கு மகன் எம்மாத்திரம்? 'படித்தது போதும், ஊருக்கு வந்து சேர்' என்று ஒரு வார்த்தை சொன்னால் என் சர்வே படிப்பு அன்றோடு சரி.

நல்லி

மத்தியானம் சாச்சா திரும்பியபோது பாயில் ஒரே ஒரு சகன் இருந்தது. சோறு குவித்து, நடுவில் ஆட்டுக்கறி. அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"யாரு எடுத்தது?"

"நான்தான்" என்றேன்.

அவர் சாச்சியைப் பார்த்தார். சாச்சி சரியென்று தலையை ஆட்டினார். சாச்சா கை கழுவப் போனார். ரொட்டிக்கடைக்காரர் கையில் மாவு இருக்கும், கழுவ நேரமாகும், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக அவ்வளவு நேரமா?

வந்து எதிரே உட்கார்ந்தார். பிஸ்மி சொல்லிக் கை வைத்தோம். முதல் வாய் உள்ளே போகவில்லை, அதற்குள் நல்லி எலும்பு என் பக்கம் வந்து சேர்ந்தது. நான் திருப்பித் தள்ளினேன். மறுபடி வந்தது. மறுபடி தள்ளினேன்.

"சின்னப் பிள்ளை தின்னு மவனே."

"நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப யாரு தின்னது?"

"காக்காதான்" என்று சிரித்தார். "நான் தள்ளுவேன். அவுக தின்னுருவாக. ஒரு தரம்கூட எனக்குக் கெடைச்சதில்ல." சிரித்துக்கொண்டிருந்தவர் இடது புறங்கையால் கண்ணைத் துடைத்தார். "காரம் தூக்கல்" என்றார். கறியில் காரமே இல்லை. இரண்டு பேரும் வயிறு முட்டத் தின்றோம். நல்லியை நான்தான் உறிஞ்சினேன்.

நாங்கள் எழுந்த பிறகு சாச்சி அதே சகனில் புதிதாகச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் வேறு பெண்ணும் இல்லை. முற்றத்தில் கை துடைத்துக்கொண்டிருந்த நான் எதேச்சையாகத் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய சகனில் தன் பக்கத்து ஓரத்திலிருந்து மட்டும் எடுத்து எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கத்துச் சோறு குலையாமல் அப்படியே இருந்தது. சாச்சா சொல்லித்தந்த ஒழுங்கு. எதிரே ஆள் இல்லாவிட்டாலும் கை அந்தப் பக்கம் நீளவில்லை.

எங்கள் ஊரில் பெண்கள் நாலு பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஊர் வம்பையெல்லாம் சோற்றோடு பிசைந்து தின்பார்கள். உம்மாவின் சிரிப்பு மூன்றாம் வீடு வரைக்கும் கேட்கும். அது நினைவுக்கு வந்து மனது கனத்துப்போயிற்று.

அன்று சாயங்காலம் படகேறினேன். கையில் நாலு ரொட்டி, ஒரு குப்பி காயா. விடுதியில் காயா திங்கட்கிழமையைத் தாண்டவில்லை.

வாப்பா கேட்டது

நீண்ட விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் முதல் வேலையாக எல்லாவற்றையும் வாப்பாவிடம் சொல்லிவிட்டேன். தள்ளிப்போட்டால் தைரியம் போய்விடும் என்று எனக்குத் தெரியும். வாப்பா கேட்டார். "ம்" என்று ஒன்று சொன்னார். எழுந்து கடைக்குப் போய்விட்டார். உம்மா கதவுக்குப் பின்னால் நின்று என்னை முறைத்தார். வந்ததும் வராததுமாக எதற்கு இந்தப் பேச்சு என்று அர்த்தம்.

சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. சாப்பாட்டுக்கு எப்போதும்போல என்னைச் சகனுக்குக் கூப்பிட்டார், அதுவே பெரிய நிம்மதி. ஒரு மத்தியானம் பச்சை மிளகாயைக் கடித்துவிட்டு, சோற்றில் கையை வைத்தபடி கேட்டார்.

"நல்லியை யார் பக்கம் தள்ளினான்?"

"என் பக்கம்."

"நீ தின்னியா?"

"திருப்பித் திருப்பித் தள்ளினேன். கேக்கலை. கடைசியில நான்தான் தின்னேன்."

"அப்படித்தான் செய்வான்" என்றார். ஒரு வாய் சாப்பிட்டார். "நான் ஒரு தடவைகூடத் திருப்பித் தள்ளினதில்ல."

கதவுக்குப் பின்னாலிருந்து உம்மா கேட்டார். "அவ யார்கூட உட்கார்ந்து தின்னா?"

"யாரும் இல்லை உம்மா. தனியாத்தான். ஒரு ஓரத்துல."

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது.

"அந்தச் சகன் நல்லா இருக்கா?" என்றார் வாப்பா.

"இருக்கு. வெள்ளிக்கிழமை தவறாம சாச்சி புளி போட்டுத் தேய்க்கிறாக. நீங்க வந்து பார்த்தா கறுத்திருக்கக் கூடாதுன்னு."

வாப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. பிறகு எரிந்து விழுந்தார்.

"புளியா? உள்ளேயுமா?"

"ஆமா. நடுவுல செம்பு தெரியுது."

"புளி போட்டா ஈயம் நிக்குமா? புளி வெளிப்பக்கத்துக்கு மட்டும்தான். உள்ளே சாம்பலும் தேங்கா நாரும் போதும். இத்தனை வருஷம் ரொட்டி சுட்டானே, பொண்டாட்டிக்கு இதைச் சொல்லித்தரத் துப்பில்லையா அவனுக்கு? அந்த ஊர்ல ஈயம் பூசுற ஆள் இருந்தா முதல்ல பூசி வைக்கச் சொல்லி எழுது. நான் போறப்ப களிம்பு ஏறின சகன்லயா சாப்பிடுறது?"

வாப்பா குனிந்து வேகவேகமாகச் சாப்பிட்டார்.

"நானும் வர்றேன்" என்றார் உம்மா உள்ளிருந்து. "அவளுக்கு எதிர்ல உட்கார ஆள் வேணாமா?"

அன்று சாயங்காலமே பினாங்குக்கு ஒரு கார்டு எழுதினேன். சகனுக்கு ஈயம் பூசி வையுங்கள், சீக்கிரம் வேண்டியிருக்கும் என்று மட்டும்தான் எழுதினேன்.